தொடாமல் ஏறிய சூடு

அத்தியாயம் 5

“எங்க வீட்டுல ஒரு கொலை முயற்சி நடக்குது மேடம்.”

ஷாகிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். தீ விபத்து இன்சூரன்ஸ் கம்பெனியில் எரிந்த கடைகளையும் எரிந்ததாகச் சொல்லப்பட்ட கடைகளையும் பார்த்துப் பார்த்து அலுத்து, மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் பாத்திரக் கடைக்கு மேலே ‘தனியார் துப்பறிவு’ என்று போர்டு மாட்டியவள் அவள். போர்டு மாட்டியதிலிருந்து வந்ததெல்லாம் மாப்பிள்ளை விசாரணையும் காணாமல் போன ஸ்கூட்டர்களும்தான். கொலை இதுதான் முதல்.

“யாரை?”

எதிரே உட்கார்ந்திருந்த பெண் தலையைக் குனிந்துகொண்டாள். “பல்லியை.”

மூலை ஸ்டூலில் டீ குடித்துக்கொண்டிருந்த ஜவஹருக்குப் புரையேறியது. சிந்தாதிரிப்பேட்டைக்காரன். ஷாகிராவின் உதவியாளன், டிரைவர், எடுபிடி எல்லாம் அவனே. வாய் மட்டும் தனி டிபார்ட்மென்ட்.

“மேடம், நம்ம டியூப்லைட்டுக்குப் பின்னாடி நாலு கீது. அதுங்களுக்கும் பாதுகாப்பு குடுத்துடலாமா?”

“ஜவஹர்.”

அவன் பெயரை ஒருமுறை சொன்னால் எச்சரிக்கை. இரண்டாம் முறை சொன்னால் அன்றைக்கு அவன் டீ அவன் செலவு. ஜவஹர் வாயை மூடிக்கொண்டான்.

வந்தவள் பெயர் நோரா. பள்ளிக்கூட ஆசிரியை. புடவை மடிப்பு கலையாமல் இருந்தது, முகம்தான் கலைந்து போயிருந்தது. கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே பேசினாள்.

“சிரிப்பா இருக்கும், தெரியும். ஆனா இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள இதை யார் பண்றாங்கன்னு தெரியலைன்னா என் புருஷன் உயிர் போயிடும் மேடம்.”

ஜவஹர் டீ கிளாஸைக் கீழே வைத்தான்.

நோராவின் கணவர் ஸ்தனிஸ்லாஸ். ரத்தப் புற்றுநோய். அடையாறில் ஒரு ஆஸ்பத்திரியில், யாரும் உள்ளே போக முடியாத தனி அறையில் படுத்திருக்கிறார். அவருடைய எலும்பு மஜ்ஜையை மருந்து கொடுத்து மொத்தமாக அழித்துவிட்டார்கள். இனி வேறொருவர் மஜ்ஜையை ஏற்றினால்தான் ஆள் பிழைப்பார். பொருந்தியது ஒரே ஒருத்தருக்கு, அவருடைய தங்கை ஜூலியட்டுக்கு. நாளைக்குக் காலையில் ஜூலியட் ஆஸ்பத்திரியில் சேர வேண்டும்.

“அவ எங்க வீட்டுலதான் இருக்கா. இன்னிக்குக் காலைல நான் வாயை விட்டுட்டேன். பல்லியைச் சுட்டது நீதானேன்னு கேட்டுட்டேன். பெட்டி கட்டிக்கிட்டு இருக்கா மேடம். சாந்தோம்ல தோழி வீட்டுக்குப் போறாளாம். நாளைக்கு வருவியான்னு கேட்டா பதில் இல்ல.”

“முதல்லேர்ந்து சொல்லுங்க. பல்லி எப்படிச் சுடும்?”

நோரா சொன்னாள். அது சுவரில் ஓடும் பல்லி இல்லை. மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி போட்ட வளர்ப்புப் பல்லி, கெக்கோ. பெயர் பூந்தி. ஸ்தனிஸ்லாஸ் குட்டியிலிருந்து வளர்த்தது. வயிற்றுக்கு அடியில் கதகதப்பு இருந்தால்தான் அதற்குத் தின்றது செரிக்கும். அதனால் கண்ணாடித் தொட்டியின் ஒரு பாதிக்கு அடியில் ஹீட் பேட் ஒட்டியிருக்கும். மறு பாதி குளிர்ச்சியாக இருக்கும். வேண்டும்போது அங்கே, வேண்டாதபோது இங்கே என்று அது மாறி மாறிப் படுத்துக்கொள்ளும்.

“மெட்ராஸ்ல ஹீட் பேடா?” ஜவஹருக்குத் தாங்கவில்லை. “மே மாசம் என்னைக் கட்டிப் புடிச்சா போதுமே, நானே ஹீட் பேடு.”

“இது டிசம்பர். பத்து நாளா மழை வேற” என்றாள் ஷாகிரா. “நீங்க சொல்லுங்க. எவ்வளவு சூடு?”

“முப்பத்திரண்டு டிகிரி. அதுக்கு மேல போகாம ஒரு சின்னப் பெட்டி பார்த்துக்கும். கன்ட்ரோலர்னு சொல்வாங்க. அதுல முப்பத்திரண்டுன்னு வெச்சா, அந்தச் சூடு வந்ததும் கரண்டை நிறுத்திடும். அதிகமானா வயிறு வெந்துடும் மேடம். வெந்தாலும் அதுக்குச் சட்டுனு உறைக்காது. சூடு நல்லாத்தானே இருக்குன்னு அப்படியே படுத்திருக்கும்.” நோராவின் குரல் உடைந்தது. “நான் முப்பத்திரண்டுல வெச்சுட்டு ஸ்கூலுக்குப் போறேன். வந்து பார்த்தா நாப்பத்தி நாலு. திருப்பி இறக்கி வெக்கறேன். மறுநாளும் நாப்பத்தி நாலு. வயிறெல்லாம் சிவந்து தோல் உரிஞ்சு கிடக்கு. இன்னொரு தடவை சுட்டா பிழைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“பேடைப் பிடுங்கி வெச்சுடலாமே?”

“சூடே இல்லைன்னாலும் தின்னாம செத்துடும். புண் ஆறவும் சூடு வேணுமாம். இந்தப் பக்கம் போனாலும் சாவு, அந்தப் பக்கம் போனாலும் சாவு.”

சொல்லிவிட்டு அவள் தன் கணவரை நினைத்துக்கொண்டாள் என்பது பார்த்தாலே தெரிந்தது.

“ஜூலியட்னு எப்படி முடிவு பண்ணீங்க?”

“அவளுக்குப் பல்லின்னாலே ஆகாது. அது ஒண்ணு. நான் இல்லாதப்ப சூட்டைப் பார்த்துச் சொல்லுன்னு கொரோனா சமயத்துல வாங்கின அந்தக் காய்ச்சல் துப்பாக்கியைக் கொடுத்திருந்தேன். பார்த்துட்டு, முப்பதுதான் காட்டுது, சரியா இருக்குன்னு தினமும் போன்ல சொல்லுவா. வந்து பார்த்தா பேட் கொதிக்குது. இது ரெண்டு. போன வாரம் ரெண்டு நாள் அவ வீட்டுல இல்ல, தோழி வீட்டுக்குப் போயிட்டா. அந்த ரெண்டு நாளும் நம்பர் ஏறவே இல்ல. பூந்தி சாப்பிடக்கூட ஆரம்பிச்சுது.”

“ஸ்ட்ராங் கேஸு” என்றான் ஜவஹர்.

“நான் ஒண்ணு பண்ணேன். நேத்து அந்தப் பெட்டி பட்டன் மேல செல்லோ டேப் ஒட்டி, அதுக்கு மேல முகப் பவுடர் தூவிட்டுப் போனேன்.”

ஷாகிராவின் கண்ணில் முதல்முறையாக மரியாதை தெரிந்தது. “அப்புறம்?”

“டேப் அப்படியே இருந்துச்சு. பவுடர்ல ஒரு கீறல் இல்ல. நம்பர் நாப்பத்தி நாலு.”

பாத்திரக் கடையில் யாரோ குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கீழேயிருந்து வந்தது.

“மேடம்” என்றான் ஜவஹர் மெதுவாக. “இது நம்ம கேஸு இல்ல. மந்திரிக்கிறவர் கேஸு.”

“அதே பவுடரைத்தான் அவளும் போடறா. கலைச்சிட்டுத் திருப்பித் தூவியிருப்பா. வேற யாரு மேடம், நாங்க ரெண்டு பேர்தானே வீட்டுல?” நோரா இரண்டு கைகளையும் மேசைமேல் வைத்தாள். “அவர் தினம் கேக்கறார். பூந்தியைக் காட்டு, அவளுக்குக் குளிரலையேன்னு. நான் பழைய வீடியோவை அனுப்பிக்கிட்டிருக்கேன். பல்லி போனா அவர் மனசு விட்டுடுவார். தங்கச்சி போனா அவரே போயிடுவார். நான் எதைப் பிடிச்சு நிறுத்தட்டும்?”

ஷாகிரா ஸ்கூட்டர் சாவியை ஜவஹரிடம் எறிந்தாள்.

*

அடையாறு காந்தி நகரில் அந்தத் தெருவுக்குள் ஸ்கூட்டர் நுழையவில்லை. மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிய பள்ளத்தில் மழைநீர் வடியாமல் நின்றிருந்தது. பலகைமேல் நடந்து, முதல் மாடிக்கு ஏறினார்கள். ஆட்டோவில் முன்னாலேயே வந்துவிட்ட நோரா கதவருகே நின்றிருந்தாள். அவளுக்குப் பின்னால், சோபாவில் ஒரு துணிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் உட்காருவதைப் போல விளிம்பில்.

“போலீசா?” என்றாள் ஜூலியட்.

“இல்லீங்க. தனியார்.”

“என்னைப் பிடிக்க தனியார் வேற வெச்சாச்சா.” ஜூலியட் நோரா பக்கம் திரும்பவேயில்லை. “நாளைக்கு என் இடுப்பெலும்புல ஊசி குத்தி உறிஞ்சப்போறாங்க. அதுக்கு நான் பயப்படல. இவங்க காலைல என்ன கேட்டாங்க தெரியுமா? ஒரு வாயில்லா ஜீவனைச் சுட்டவ, என் புருஷனுக்கு என்ன பண்ணுவியோன்னு கேட்டாங்க. என் ரத்தம் வேணும், நான் வேண்டாம், அப்படித்தானே?”

நோரா சுவரில் சாய்ந்துகொண்டாள். சொன்ன வார்த்தை திரும்ப வந்து நின்றால் மனிதர்களுக்கு முகம் வைக்க இடம் இருப்பதில்லை.

“ஜூலியட்மா, ஆட்டோ வர நேரமாகுமா?” என்றாள் ஷாகிரா.

“என் தோழி எமிலி அனுப்பறேன்னா. வந்துக்கிட்டிருக்கும்.”

“வர்ற வரைக்கும் எனக்கு ஒரு உதவி. நீங்க அந்தத் துப்பாக்கில எப்படிச் சூடு பார்ப்பீங்களோ, அப்படியே பண்ணிக் காட்டுங்க.”

ஜூலியட் வேண்டாவெறுப்பாக எழுந்தாள். ஹாலின் கோடியில் கண்ணாடித் தொட்டி இருந்தது. அடியில் ஒரு பாதிக்குக் கறுப்பான பேட். பக்கத்து மேசையில் கைக்கடக்கமான கன்ட்ரோலர் பெட்டி, அதில் சிவப்பு எழுத்தில் 32. பூந்தி குளிர்ந்த பக்கத்து மூலையில் ஒட்டிக் கிடந்தது. அதன் வால் மெலிந்து, வயிற்று ஓரம் செக்கச்செவேலென்று இருந்தது. ஜவஹர் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதைப் பார்த்ததும் சொல்லவில்லை.

ஜூலியட் தொட்டிக்கு மூன்றடி தள்ளி நின்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, மூடிய கண்ணாடிக் கதவை நோக்கி விசையை அழுத்தினாள். ‘பீப்’.

“இருபத்தொன்பது” என்று படித்தாள்.

“கதவைத் திறக்க மாட்டீங்களா?”

“திறந்தா, அது மேல விழுந்துட்டா?”

“துப்பாக்கியைக் குடுங்க. சூடா ஒரு கப் டீ கிடைக்குமா?”

“கேஸ் முடியங்காட்டியும் டீயா?” என்றான் ஜவஹர்.

நோரா கொண்டுவந்த டீயை ஷாகிரா வாங்கி, பீங்கான் கப்போடு ஷோகேஸுக்குள் வைத்துக் கண்ணாடியைச் சாத்தினாள். கண்ணாடி வழியாகக் குறிபார்த்து அழுத்தினாள். இருபத்தெட்டு. கண்ணாடியைத் திறந்து மறுபடி அழுத்தினாள். எழுபத்தொன்று.

“இந்தத் துப்பாக்கி கண்ணாடியைத் தாண்டாது. முன்னால இருக்கிற கண்ணாடியோட சூட்டைத்தான் சொல்லும். ஜூலியட்மா பொய் சொல்லல. அவங்க பார்த்ததைத்தான் சொன்னாங்க. பயத்துல கதவைத் திறக்காததுதான் தப்பு.”

“எரியிற கடைக்கு வெளிய நின்னு, ஷட்டர் ஜில்லுனு கீதுன்னு சொன்ன மாதிரி” என்றான் ஜவஹர்.

ஜூலியட் முதல்முறையாக நோராவைப் பார்த்தாள். நோராவுக்கு அந்தப் பார்வையை எதிர்கொள்ள முடியவில்லை.

“ஆனா நம்பர் ஏறினது?” என்றாள் நோரா பிடிவாதமாக. பிடிவாதம் இல்லை அது, பயம். குற்றவாளி ஜூலியட் இல்லை என்றால் கையில் வேறு யாரும் இல்லை. “அவ இல்லாத ரெண்டு நாள் மட்டும் எப்படி ஏறாம இருந்துச்சு?”

“நானா போனேன்? நெட் இல்லாம பண்ணிட்டானுங்களே!” என்று வெடித்தாள் ஜூலியட். “வடிகாலுக்குத் தோண்டறேன்னு கேபிளை வெட்டிட்டானுங்க. சாயங்காலம் ஜெபமாலை பார்க்க முடியல, சீரியல் பார்க்க முடியல. மழையில எவனும் வந்து சரி பண்ணல. அதான் எமிலி வீட்டுல போய் உட்கார்ந்திருந்தேன். நெட் வந்துடுச்சுன்னு நீங்கதானே அண்ணி போன் பண்ணீங்க? அப்புறம்தானே வந்தேன்?”

ஷாகிரா டீயை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றாள்.

“ஜவஹர், எல்லாரும் இந்த மேசையைச் சுத்தி உட்காருவோம். கை எல்லாம் மேசைமேல. யாரும் எதையும் தொடக்கூடாது.”

“ஆவி கூப்பிடப் போறோமா மேடம்?”

“ஆமா.”

உட்கார்ந்தார்கள். எட்டுக் கைகள் மேசைமேல். நடுவில் கன்ட்ரோலர். 32. மழைத் தூறல் ஜன்னல் கம்பியில் தட்டிக்கொண்டிருந்தது. ஜூலியட்டின் உதடுகள் ஓசையில்லாமல் அசைந்தன. ஜவஹர் கொட்டாவி விட்டான். ஷாகிரா கண்ணைக்கூட எடுக்கவில்லை. கீழே ஆட்டோ ஹாரன் அடித்தது. ஜூலியட் எழப்போனாள். ஷாகிரா தலையசைத்து உட்காரச் சொன்னாள்.

அப்போது எண் மாறியது.

33. 35. ஒரு கணம் நின்றது, யாரோ யோசிப்பதைப் போல. பிறகு விறுவிறுவென்று 38, 41, 44.

“மாதாவே!” ஜூலியட் சிலுவை போட்டுக்கொண்டாள். ஜவஹர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழுந்தான். பூந்தி மூலையிலிருந்து அசையவில்லை. ஷாகிரா குனிந்து, ஹீட் பேடின் ஒயரைக் கன்ட்ரோலரிலிருந்து உருவினாள். பெட்டியை அணைக்கவில்லை.

“எட்டுக் கையும் இங்கேதான் இருந்துச்சு. தொடாமலே ஏறுது. நெட் இருந்தா ஏறுது, நெட் இல்லாத ரெண்டு நாள் ஏறல. ஜூலியட்மா வீட்டுல இல்லாததால ஏறாம இருக்கல. நெட் இல்லாததாலதான் அவங்களும் வீட்டுல இல்ல, சூடும் ஏறல. ரெண்டுக்கும் காரணம் ஒண்ணு.” நோரா பக்கம் திரும்பினாள். “இந்தப் பெட்டியை வாங்கி மாட்டினது யாரு?”

“அவர்தான்.”

“போன்லேர்ந்தே கூட்டிக் குறைக்கிற மாடல்தானே?”

“ஆமா, எனக்கு அதெல்லாம் தெரியாது. அவர் வெளியூர் போனா அங்கேர்ந்தே பூந்திக்கு எவ்வளவு சூடுன்னு பார்த்துப்பார், போன்லயே…”

நோரா மீதியைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை.

ஜவஹர் மெதுவாக மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

“இல்ல” என்றாள் நோரா. “இல்ல மேடம். அரை டிகிரி கூடினாலே என்னைத் திட்டுவார். முப்பத்திரண்டுன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். அவர் செய்ய மாட்டார்.”

“நல்லா இருக்கிற ஸ்தனிஸ்லாஸ் சார் செய்ய மாட்டார்” என்றாள் ஷாகிரா. குரல் தாழ்ந்திருந்தது. “வார்டுக்குப் போன் போடுங்க. இப்ப அவருக்கு என்ன நடக்குதுன்னு மட்டும் கேளுங்க.”

நோரா போட்டாள். ஸ்பீக்கரில் நர்ஸின் குரல் வந்தது, வேலை அவசரத்தோடு.

“மருந்து ஏறுதும்மா. இந்த மருந்து ஏறும்போது குளிர் நடுக்கம் வரும், தினமும் வர்றதுதான், பயப்படாதீங்க. பல்லு கிடுகிடுன்னு அடிக்குது, அந்த நேரத்துலகூடப் போனைக் குடு, போனைக் குடுன்னு ஒரே பிடிவாதம். ‘பாவம் குளிருது, அவளுக்குக் குளிருது’ன்னு சொல்லிக்கிட்டே ஏதோ நோண்டறார். உங்களைத்தான் சொல்றார்னு நாங்க நினைச்சோம். அப்புறம் தூங்கிடுவார். எழுந்தா ஒண்ணும் ஞாபகம் இருக்காது.”

நோரா போனை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுவதற்குக்கூட கொஞ்சம் தெம்பு வேண்டும்.

எத்தனையோ தீ விபத்துகளுக்கு ஷாகிரா காரணம் கண்டுபிடித்திருக்கிறாள். பேராசை, பொறாமை, குடிபோதை. ஒருவன் தனக்குக் குளிர்கிறது என்பதால் தன் செல்லத்துக்குப் போர்த்திவிட்டு, அதனாலேயே அதைச் சுட்டுப் பொசுக்கிய கேஸ் இதுதான் முதல்.

“ஜூலியட்” என்றாள் நோரா தரையிலிருந்தபடியே. “என்னை அடிச்சிடு. நான் கேட்ட கேள்விக்கு நீ என்னை அடிச்சிடணும்.”

கீழே ஹாரன் மறுபடி அடித்தது.

“மேடம், சிம்பிள்” என்றான் ஜவஹர், யாராவது ஏதாவது பேசியாக வேண்டுமே என்பதற்காக. “வைஃபை பாஸ்வேர்டை மாத்திடுவோம். சார் அங்க இன்னா நோண்டினாலும் இங்க ஒண்ணும் ஆவாது.”

“வேண்டாம்.” நோரா தலையைத் தூக்கினாள். “அந்த ரூம்ல அவரால எழுந்து நிக்க முடியல. தண்ணி டம்ளரை இன்னொருத்தர் பிடிக்கணும். பூந்திக்கு ஒரு போர்வை போடறது ஒண்ணுதான் அவர் கையால முடியுது. திறந்து பார்த்து அது வேலை செய்யலைன்னா? அதையும் நான் பிடுங்கணுமா?”

“அப்ப அவர்கிட்ட சொல்லிடுவீங்களா?”

“இப்ப சொன்னா தாங்க மாட்டார். வீட்டுக்கு வரட்டும். வந்தப்புறம் சொல்லிச் சண்டையே போடறேன்.” வந்தப்புறம் என்ற சொல்லில் அவள் குரல் தடுமாறியது.

ஷாகிரா அந்தக் கன்ட்ரோலர் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஜவஹரின் காதில் ஏதோ சொன்னாள். அவன் பலகைமேல் தாவி அடையாறு சிக்னல் பக்கம் போய், மீன் தொட்டியும் பறவைக் கூண்டும் விற்கிற கடையிலிருந்து கையால் திருகும் பழைய மாதிரி கன்ட்ரோலர் ஒன்றை வாங்கிவந்தான். அதற்கு நெட்டும் தெரியாது, போனும் தெரியாது. போகும்போதே ஆட்டோக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசிச் சமாதானம் செய்துவிட்டும் போயிருந்தான்.

ஹீட் பேடைப் புதியதில் மாட்டி முப்பத்திரண்டில் வைத்தாள் ஷாகிரா. தொட்டிக் கதவைத் திறந்து, துப்பாக்கியால் பேட் இருக்கும் தரையை நேராகச் சுட்டுப் பார்த்தாள். சூடு ஏறி, முப்பத்திரண்டில் நின்றது. பழைய பெட்டியின் சூடு பார்க்கும் ஒயரையும் அதே இடத்தில் இருக்க விட்டாள். பெட்டியை முப்பதுக்கு இறக்கினாள். அதில் ஹீட் பேட் இருந்த இடத்தில் நோராவின் மேசை விளக்கைச் செருகினாள். விளக்கு எரியவில்லை.

“இப்ப தரை முப்பத்திரண்டுல இருக்கு, பெட்டி முப்பது போதும்கறது. அதனால விளக்கு எரியாது. அங்கேர்ந்து அவர் சூட்டை ஏத்தினா, விளக்கு மட்டும் எரியும். பூந்திக்கு ஒண்ணும் ஆகாது.”

“சார் எவ்ளோ வேணா ஏத்திக்கட்டும். கரண்டு பில்லுதான் பாவம்” என்றான் ஜவஹர். யாரும் சிரிக்கவில்லை. அவனும் எதிர்பார்க்கவில்லை.

ஜூலியட் தன் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“நான் சுடலைன்னு தெரிஞ்சுடுச்சு, சரி” என்றாள். “ஆனா சுடுவேன்னு நீங்க நம்பினீங்களே அண்ணி. அது எனக்கு ஆறல.”

“ஜூலியட், நாளைக்கு…”

“எனக்குத் தெரியல. என்னைக் கேக்காதீங்க.”

அவள் கதவைத் தாண்டினாள். நோரா எழுந்து பின்னால் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? படியில் செருப்புச் சத்தம் இறங்க ஆரம்பித்தது. ஷாகிரா எதையெதையோ சொல்ல நினைத்தாள். துப்பறிகிறவள் உண்மையைக் கண்டுபிடித்துக் கொடுக்கலாம். அதை வைத்துக்கொண்டு ஒருத்தியை மன்னிக்கச் சொல்லும் அதிகாரம் அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை. தன் வேலை இவ்வளவுதானா என்று அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

இருட்டிக்கொண்டு வந்த ஹாலில் திடீரென்று மஞ்சளாக வெளிச்சம் பரவியது.

மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பெட்டியில் 36. பார்த்துக்கொண்டிருக்கும்போதே 40. 44.

நோரா அதன் எதிரில் மண்டியிட்டாள். கையை விளக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள், தொடவில்லை. “முழிச்சிட்டார்” என்றாள். “திருப்பியும் நடுங்குது அவருக்கு. அங்க நடுங்குது, நான் இங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டிருக்கேன்.” அதுவரை வராத அழுகை அப்போது வந்தது. போனைத் தேடினாள். அது கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

படியில் செருப்புச் சத்தம் நின்றிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. திறந்த கதவில் ஜூலியட் நின்றாள். விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணனா?”

நோரா தலையாட்டினாள்.

ஜூலியட் துணிப் பெட்டியை வாசலிலேயே வைத்தாள். உள்ளே வந்து, தொட்டியைச் சுற்றிப் போகாமல் அதை ஒட்டியே நடந்து, குனிந்து போனை எடுத்தாள். அழுத்திக் காதில் வைத்துக்கொண்டாள். இன்னொரு கை நோராவின் தோளில் இருந்தது, எப்போது வைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“சிஸ்டர், ஸ்தனிஸ்லாஸ் ரூம்ல போய்ப் பாருங்க, அவருக்குத் திருப்பியும் குளிருது. இன்னொரு கம்பளி போர்த்துங்க. காலையும் சேர்த்து மூடுங்க, அவருக்குக் காலுதான் முதல்ல ஜில்லுனு ஆகும்.”

“இப்பதானே பார்த்துட்டு வந்தேன், நல்லாத் தூங்கிக்கிட்டிருந்தாரே. நீங்க யாரு பேசறது?”

“நான் அவர் தங்கச்சி. நாளைக்குக் காலைல வருவேன்னு எழுதி வெச்சிருப்பீங்களே, அந்தத் தங்கச்சி.”